மேசை மேல் ஒரு முழ இராக்கெட்டு



நம் ஊராகிய ரவாங்கிலிருந்து செலாயாங் வழியாகக் கோலாலம்பூருக்குச் செல்லும்போது பத்துமலை முருகன் சிலையைக் காணாதவர் நம்முள் இலர். 2006ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்ட அச்சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் நம் கழுத்து நோகும். அதே சிலையின் சிறிய வடிவத்தை நம் வீட்டு அலமாரியில் வைத்துப் பார்த்தாலோ ஒரே பார்வையில் முடி முதல் அடி வரை கண்டு விடலாம். பெரியதைச் சிறியதாக்கிக் காணும்போது, பெரியதில் காண முடியாத முழுமை நமக்குப் புலனாகிறது.

இன்று நாம் அறிந்துகொள்ளப் போவதும் அத்தகைய ஒரு சிறிய வடிவத்தைப் பற்றியதே. அது ஓர் இராக்கெட்டின் மாதிரி. உயரம் 44 சென்டிமீட்டர். நம் பாட்டிமார் பூச்சரத்தை அளக்கும் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஒரு முழம். மேசையின் ஓரத்தில், புத்தக அடுக்கின் அருகே அடக்கமாக நிற்கும். அதன் அசலோ 22 மீட்டர் உயரம் கொண்டு, 1980ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 18ஆம் நாள், வங்கக் கடலோரத்திலுள்ள சிறீஅரிக்கோட்டாவிலிருந்து விண்ணை நோக்கிப் பாய்ந்தது. எஸ்.எல்.வி.-3 என்பது அதன் பெயர். பத்துமலை முருகன் சிலையோடு ஒப்பிட்டால் அதன் பாதி உயரத்திற்குச் சற்று மிகுதி.

உலகின் பல பகுதிகளிலும் இத்தகைய இராக்கெட்டு மாதிரிகளை வாங்கியும் செய்தும் சேர்த்து வைப்போர் பலர் உளர். தபால்தலை சேர்ப்பது போலவும் பழைய நாணயங்களைச் சேர்ப்பது போலவும் இதுவும் ஒரு நற்பழக்கமே. ஆயினும், எதற்காகச் சேர்க்கிறோம், அதிலிருந்து என்ன கற்கிறோம் என்பதை அறியாமல் சேர்த்தால் அது அலமாரியை நிரப்பும் வேலையாகவே முடியும். எனவே அந்த ஒரு முழ இராக்கெட்டை நாம் நிதானமாக ஆராய்வோம்.

சொப்பும் மாதிரியும்

சிறு வயதில் நாம் சொப்புச் சாமான் வைத்து விளையாடியிருக்கிறோம். அதில் அம்மி உண்டு, பானை உண்டு, அடுப்பு உண்டு, குடமும் உண்டு. ஆனால் சற்றே கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அங்கே குடமும் பானையும் ஒரே பருமனாக இருக்கும். அம்மியோ அடுப்பைவிடப் பெரியதாக இருக்கும். பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் ஒன்றற்கொன்று பொருத்தமான அளவு அங்கில்லை. ஆதலால் அது விளையாட்டுப் பொருள்.

அளவு மாதிரி என்பது வேறு. அதில் ஒவ்வொரு பகுதியும் ஒரே விகிதத்தில் சிறிதாக்கப்பட்டிருக்க வேண்டும். 50க்கு 1 என்னும் விகிதத்தை எடுத்துக்கொண்டால், அசலில் 50 சென்டிமீட்டர் உள்ள ஒவ்வொன்றும் மாதிரியில் 1 சென்டிமீட்டராக அமையும். 22 மீட்டர் என்பது 2,200 சென்டிமீட்டர். அதனை 50ஆல் வகுத்தால் 44 சென்டிமீட்டர் கிடைக்கிறது. அசலின் முதல் அடுக்கு 1 மீட்டர் குறுக்களவு உடையது. மாதிரியில் அது 2 சென்டிமீட்டர். உயரத்தைச் சரியாகக் குறைத்துவிட்டு, பார்வைக்குப் பருமனாக இருக்கட்டும் என்று குறுக்களவை 4 சென்டிமீட்டராக ஆக்கினால் அக்கணமே அது மாதிரி என்னும் பெயரை இழந்து சொப்பாகிவிடும். அளவு மாதிரி செய்வோனுக்கு முதலில் வேண்டிய குணம் நேர்மை.

நாட்டுப் படங்களில் அளவுத்திட்டம் என்று ஒன்று குறிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அதே கணக்குத்தான் இங்கும். படம் தாளின் மேல் படுத்திருக்கிறது. மாதிரி மேசையின் மேல் எழுந்து நிற்கிறது. அவ்வளவே வேறுபாடு.

1969ஆம் ஆண்டு நிலவில் மனிதன் கால் வைக்க உதவிய அமெரிக்க இராக்கெட்டு சாட்டர்ன் 5 என்பதாகும். அதன் உயரம் ஏறக்குறைய 110 மீட்டர். முருகன் சிலையைப் போல் இரண்டரை மடங்கிற்கும் மேல். 2017ஆம் ஆண்டு லெகோ நிறுவனத்தார் 110க்கு 1 என்னும் விகிதத்தில் அதன் மாதிரியை வெளியிட்டனர். ஒரு மீட்டர் உயரமுள்ள அம்மாதிரி 1,969 துண்டுகளால் ஆனது. நிலவை எட்டிய ஆண்டை நினைவூட்டவே துண்டுகளின் எண்ணிக்கையும் அவ்வாறு அமைக்கப்பட்டது. மாதிரி செய்வோர் வடிவத்தோடு வரலாற்றையும் சேர்த்துப் பாதுகாக்க விரும்புகின்றனர் என்பதற்கு இது நல்ல சான்று.

இராக்கெட்டு எவ்வாறு செல்கிறது?

தீபாவளியன்று விடும் வாணத்தை நாம் கண்டிருக்கிறோம். உள்ளே மருந்து எரிகிறது. வாயு கீழ்நோக்கிச் சீறுகிறது. வாணம் மேல்நோக்கிப் பாய்கிறது. ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால் காற்று ஒரு புறம் வெளியேற, பலூன் மறு புறம் ஓடுவதும் இதே விதியால்தான். ஒவ்வொரு செயலுக்கும் அதற்குச் சமமான எதிர்ச்செயல் உண்டு என்று நியூட்டன் கூறிய விதி வாணத்திற்கும் பெரிய இராக்கெட்டுக்கும் பொதுவானது.

எஸ்.எல்.வி.-3 நான்கு அடுக்குகள் உடையது. நான்கிலும் திட எரிபொருளே நிரப்பப்பட்டிருந்தது. ஏன் நான்கு அடுக்குகள்? நெடுந்தூரம் நடந்து செல்லும் ஒருவன் நான்கு பாத்திரங்களில் தண்ணீர் சுமந்து செல்வதாகக் கொள்வோம். ஒரு பாத்திரம் வெறுமையானவுடன் அதனையும் சுமந்துகொண்டு செல்வானா? வழியில் இறக்கி வைத்துவிட்டு இலேசாக நடப்பான் அன்றோ! இராக்கெட்டும் அவ்வாறே எரிந்து தீர்ந்த அடுக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, குறைந்த பாரத்தோடு மேலும் விரைகிறது. முதல் அடுக்கு ஏறத்தாழ 49 வினாடிகளே எரியும். நான்கு அடுக்குகளும் எரியும் நேரத்தைக் கூட்டினாலும் மூன்று நிமிடங்களை எட்டாது.

எடை சொல்லும் பாடம்

மாதிரியைக் கையில் எடுக்கும்போது எழும் இன்னொரு கேள்வி: அசலின் எடை 17 டன்; அதாவது 17,000 கிலோகிராம். மாதிரியின் எடை எவ்வளவு இருக்க வேண்டும்? 50ஆல் வகுத்தால் 340 கிலோகிராம் வரும். மேசை மேல் நிற்கும் பொருள் அவ்வளவு எடை இருக்க முடியுமா? முடியாது. பிழை எங்கே?

நீளத்தை 50இல் ஒரு பங்காக்கும்போது அகலமும் 50இல் ஒரு பங்காகிறது; கனமும் 50இல் ஒரு பங்காகிறது. எனவே கன அளவு 50 × 50 × 50, அதாவது 1,25,000இல் ஒரு பங்காகக் குறைகிறது. அந்தக் கணக்கின்படி அதே பொருள்களால் செய்யப்பட்ட மாதிரியின் எடை 136 கிராம் மட்டுமே. நன்கு பழுத்த ஒரு பெரிய வாழைப்பழத்தின் எடையை ஒத்தது எனலாம்.

இனி, அந்த 17 டன் இராக்கெட்டு சுமந்து சென்றது எதனை? ரோகிணி என்னும் செயற்கைக் கோளை. அதன் எடை 35 கிலோகிராம். நம் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எடையே அது! மாதிரியின் கணக்கில் அந்தக் கோள் கால் கிராமிற்குச் சற்றே மிகுதி. பத்துப் பன்னிரண்டு அரிசி மணிகளின் எடை. ஒரு வாழைப்பழத்தளவு பாரம் முழுவதும் ஒரு சிட்டிகை அரிசியை மேலே சேர்ப்பதற்காகவே உழைக்கிறது. விண்வெளிக்குச் செல்வது எத்துணைக் கடினமான செயல் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொற்பொழிவாலும் விளக்க இயலாது.

இன்னும் ஒரு கணக்கைப் பார்ப்போம். ரோகிணி பூமியைச் சுற்றிய பாதையின் தாழ்ந்த இடம் தரையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. நம் மாதிரியின் விகிதத்தில் அது 6 கிலோமீட்டர். பூமியையும் அதே விகிதத்தில் செய்ய முற்பட்டால் அதன் குறுக்களவு சுமார் 255 கிலோமீட்டர் ஆகும். ரவாங்கில் தொடங்கினால் ஈப்போவையும் தாண்டிச் செல்ல வேண்டும்! ஒரு முழ இராக்கெட்டு மேசையில் அடங்கிவிட்டது. பூமி மட்டும் நம் மாநிலத்திலேயே அடங்கவில்லை.

அசல் மறைந்தது, மாதிரி நிற்கிறது

பழைய கப்பல்களைத் துறைமுகங்களில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பழைய புகைவண்டி இயந்திரங்களை அருங்காட்சியகங்களில் காணலாம். ஆனால் விண்ணில் ஏறிய எஸ்.எல்.வி.-3ஐ இன்று எங்கே சென்று காண்பது? எங்கும் காண முடியாது. அதன் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று வீழ்ந்தன. கோளும் இரண்டாண்டு நிறைவதற்குள் மீண்டும் காற்று மண்டலத்தில் நுழைந்து எரிந்து போயிற்று. பல ஆண்டுகள் பலர் கூடி உழைத்து உருவாக்கிய பொருள் சில நிமிடங்களில் தன் கடமையை முடித்துக்கொண்டு தன்னையே இழந்துவிட்டது. அக்கால இராக்கெட்டுகள் அனைத்தின் இயல்பும் இதுவே.

ஆகையால்தான் மாதிரி முக்கியமாகிறது. புறப்படுவதற்கு முன் நின்ற முழு உருவத்தை நமக்குக் காட்டுவதற்கு மாதிரியும் படமுமே எஞ்சியுள்ளன. கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்துள்ள தும்பாவில், புனித மேரி மக்தலேனா தேவாலயக் கட்டடத்தில் ஒரு விண்வெளி அருங்காட்சியகம் இருக்கிறது. 1963ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு இராக்கெட்டு ஏவப்பட்டது அத்தும்பாவிலிருந்துதான். அந்நாளில் மீனவர் குடியிருப்பின் நடுவே இருந்த அத்தேவாலயமே விஞ்ஞானிகளின் பணியிடம். இராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்றார்கள். இன்று அதே கட்டடத்தில் இராக்கெட்டுகளின் மாதிரிகள் வரிசையாக நின்று வருவோர்க்குப் பாடம் சொல்கின்றன.

மாதிரிகள் நினைவுக்காக மட்டும் செய்யப்படுவன என்று எண்ணிவிடலாகாது. இராக்கெட்டைக் கட்டுவதற்கு முன்பே அதன் சிறிய மாதிரியைக் காற்றுச் சுரங்கம் என்னும் கூடத்தில் வைத்து, மிகுந்த வேகத்தில் காற்றைச் செலுத்தி, அது தாங்குமா தடுமாறுமா என்று சோதிப்பார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்தில் எஸ்.எல்.வி.-3இன் மாதிரியும் அவ்வாறு சோதிக்கப்பட்டது. ஆக, அசலுக்கு முன்னே பிறந்து வழிகாட்டுவதும் மாதிரியே. அசல் மறைந்த பின்னர் இருந்து சாட்சி சொல்வதும் மாதிரியே.

இராமேசுவரத்துச் சிறுவன்

எஸ்.எல்.வி.-3 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் நாமெல்லாம் நன்கறிந்த அப்துல் கலாம் அவர்கள். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தவர். சிறு வயதில் செய்தித்தாள் விநியோகித்து வீட்டுக்கு உதவியவர். பிற்காலத்தில், 2002 முதல் 2007 வரை, இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கியவர். 2015ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் சில்லாங் நகரில் மாணவர்க்கு உரையாற்றிக் கொண்டிருந்தபோதே மயங்கி வீழ்ந்து மறைந்தார்.

அவர் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். கலாமுக்கு விளங்கவில்லை. மற்ற மாணவர்களுக்கும் விளங்கவில்லை. ஆசிரியர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கடற்பறவைகள் சிறகடிப்பதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் நேரே காட்டினார். விமானத் துறையைத் தாம் தேர்ந்தெடுத்ததற்கு அன்றைய மாலைப் பாடமே வித்து என்று கலாம் பலமுறை நன்றியோடு கூறியிருக்கிறார். கண்ணால் கண்டு, கையால் தொட்டுக் கற்பதின் ஆற்றல் அத்தகையது. மேசை மேல் நிற்கும் மாதிரியும் அந்தக் கடற்கரைப் பாடத்தின் தம்பிதான்.

மாதிரியில் தெரியாத ஒன்று

இனிமேல்தான் நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி வருகிறது.

1980ஆம் ஆண்டு வென்ற எஸ்.எல்.வி.-3க்கு ஓர் அண்ணன் உண்டு. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அதே சிறீஅரிக்கோட்டாவிலிருந்து முதலாவது எஸ்.எல்.வி.-3 புறப்பட்டது. முதல் அடுக்கு குறையின்றி எரிந்தது. இரண்டாம் அடுக்கு எரியும்போது இராக்கெட்டு கட்டுக்கடங்காமல் திரும்பியது. புறப்பட்டுச் சில நிமிடங்களில் கோளோடு கடலில் வீழ்ந்தது. பல ஆண்டு உழைப்பு நீரில் கரைந்தது.

காரணத்தை ஆராய்ந்தார்கள். இரண்டாம் அடுக்கின் திசையைத் திருத்தும் அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடிக்கொள்ளவில்லை. அதனால் அங்கே பயன்பட வேண்டிய அமிலம் கசிந்து வீணாயிற்று. 17 டன் எடையுள்ள இராக்கெட்டைக் கடலில் தள்ளியது கையில் அடங்கும் ஒரு சிறு கருவி! 50க்கு 1 மாதிரியில் அந்த வால்வைச் செய்ய நினைத்தால் ஒரு கடுகளவே இருக்கும். எந்த மாதிரியும் அதனைக் காட்டுவதில்லை.

அன்று கலாம் மனம் ஒடிந்து நின்றார். அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் சதீஷ் தவான். அவர் தாமே பத்திரிகையாளர் முன் சென்று, தோல்விக்கான பொறுப்பைத் தாம் ஏற்றுக்கொண்டார். தம் குழுவினர்மேல் முழு நம்பிக்கை உண்டென்றும் அறிவித்தார். அடுத்த ஆண்டு சூலை 18ஆம் நாள் இரண்டாவது இராக்கெட்டு வெற்றி பெற்றபோதோ, பத்திரிகையாளரைச் சந்திக்கும்படி கலாமையும் அவர் குழுவினரையும் அனுப்பிவிட்டுத் தாம் ஒதுங்கிக் கொண்டார். தோல்வி வந்தபோது முன்னே நின்றவர், வெற்றி வந்தபோது பின்னே நின்றார். தலைமைக்கு இலக்கணம் இதுவன்றோ!

இப்போது மேசை மேல் உள்ள மாதிரியை மீண்டும் பார்ப்போம். இது எந்த இராக்கெட்டின் மாதிரி? 1979இல் வீழ்ந்ததா? 1980இல் வென்றதா? வடிவமைப்பு ஒன்றே. உயரம் ஒன்றே, அடுக்குகளும் அவையே. வெளித்தோற்றத்தை வைத்து ஒருவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. வென்றதும் வீழ்ந்ததும் ஒரே உருவம்! தோல்வியைக் கண்டு அவர்கள் வேறோர் இராக்கெட்டைத் தேடி ஓடவில்லை. அதே இராக்கெட்டில் பிழை இருந்த இடத்தைக் கண்டு திருத்தினார்கள்.

நம் நாடும் நம் ஊரும்

நம் மலேசிய நாட்டின் விண்வெளி வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. 1996ஆம் ஆண்டு சனவரியில் மீசாட்-1 என்னும் செயற்கைக் கோள் ஐரோப்பியர்களின் ஆரியான் 4 இராக்கெட்டில் சென்றது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் தியோங்சாட்-1 பைக்கானூரிலிருந்து ஏவப்பட்டது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் டாக்டர் ஷேக் முசாபர் ரசியர்களின் சோயுஸ் கலத்தில் விண்வெளிக்குச் சென்று, நம் நாட்டின் முதல் விண்வெளி வீரரானார். அப்பணிக்காக இறுதியில் தெரிவான நால்வருள் சிவ வனஜா என்னும் நம் தமிழ்ப் பெண்ணும் ஒருவர் என்பது நமக்குப் பெருமை.

2009ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் ரசாக்சாட் என்னும் நம் கோள் பசிபிக் பெருங்கடலிலுள்ள ஒரு சிறு தீவிலிருந்து ஃபால்கன் 1 என்னும் இராக்கெட்டில் ஏறியது. அதன் உயரமும் ஏறக்குறைய 21 மீட்டர், எஸ்.எல்.வி.-3இன் உயரத்தை ஒத்தது. அந்த ஃபால்கன் 1 வகையின் முதல் மூன்று முயற்சிகளும் தோல்வியுற்றன. நான்காவது 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் வென்றது. ஐந்தாவதில் நம் கோள் சென்றது. மூன்றாவது தோல்வியோடு அவர்கள் கைவிட்டிருந்தால் ரசாக்சாட்டுக்கு அந்த இராக்கெட்டே இருந்திராது.

இத்தகைய முயற்சி நம் ஊருக்கும் புதியதன்று. 1894ஆம் ஆண்டு, தம்புசாமிப் பிள்ளை அவர்களும் லோக் யூ அவர்களும் ரவாங்கில் தங்கள் ஈயச் சுரங்கத்திற்காக மின்னாக்கியை நிறுவினார்கள். இந்நாட்டில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டது இங்கேதான் என்று வரலாறு கூறுகிறது. பத்துமலைக் கோயிலுக்கு வித்திட்ட அதே தம்புசாமிப் பிள்ளைதான் இவர். நம் பள்ளிக் கண்காட்சியில் இராக்கெட்டு மாதிரியின் பக்கத்தில் ஒரு பழைய ஈயச் சுரங்கத்தின் அளவு மாதிரியும் நின்றால் எத்துணைப் பொருத்தமாக இருக்கும்!

நாமே செய்வோம்

இந்திய இராக்கெட்டுகளின் அழகிய மாதிரிகள் இப்போது விலைக்கும் கிடைக்கின்றன. வாங்க இயன்றோர் வாங்கலாம். எனினும் விலைக்கு வாங்கிய மாதிரி அளவுகளை மறைத்து வைத்திருக்கும். நாம் செய்யும் மாதிரியோ ஒவ்வோர் அளவையும் நம் விரல்களுக்குக் கற்றுக்கொடுக்கும். செலவும் மிகக் குறைவு. மணிலா அட்டை, பசை, கத்தரிக்கோல், அடிக்கோல் ஆகியவை போதும்.

முதல் அடுக்கு: அசலின் நீளம் 10 மீட்டர், குறுக்களவு 1 மீட்டர். மாதிரியில் 20 சென்டிமீட்டர் நீளமும் 2 சென்டிமீட்டர் குறுக்களவும் உடைய குழலாக அட்டையைச் சுருட்டி ஒட்டுக.

இரண்டாம் அடுக்கு: அசலின் நீளம் 6.4 மீட்டர், குறுக்களவு 0.8 மீட்டர். மாதிரியில் 12.8 சென்டிமீட்டர் நீளம், 1.6 சென்டிமீட்டர் குறுக்களவு.

மேற்பகுதி: மூன்றாம் நான்காம் அடுக்குகளும், இடையிணைப்புகளும், மூக்குக் கூம்பும் சேர்ந்து எஞ்சிய 11.2 சென்டிமீட்டர். அதன் நுனியைக் கூம்பாக அமைத்திடுக.

வால் சிறகுகள்: முதல் அடுக்கின் அடியில் நான்கு புறமும் சம இடைவெளியில் நான்கு சிறகுகளை ஒட்டுக.

நிழற்படத்தைப் பார்த்து வண்ணம் தீட்டுக. குழல் சற்றுக் கோணலாக வந்தால் வருந்த வேண்டா. பிரித்து மீண்டும் சுருட்டுக. சிறியவர்கள் கத்தரிக்கோலைப் பெரியவர்கள் முன்னிலையில் பயன்படுத்துவது நல்லது. செய்து முடித்த மாதிரியை வெயில் படாத இடத்தில் வைத்து, மெல்லிய துணியால் தூசி துடைத்து வந்தால் பல்லாண்டு நிற்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், 2023ஆம் ஆண்டு சூலை 14ஆம் நாள் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.-3 இராக்கெட்டின் மாதிரியையும் அதே விகிதத்தில் செய்து பக்கத்தில் நிறுத்தலாம். அதன் உயரம் 43.5 மீட்டர், நம் முருகன் சிலையின் உயரத்தைவிடச் சற்றே மிகுதி! மாதிரியில் அது 87 சென்டிமீட்டர். எடையோ 640 டன். ஒரு முழத்தில் தொடங்கிய முயற்சி ஏறக்குறைய இரண்டு முழமாக வளர்ந்ததை அந்த மேசையே எடுத்துரைக்கும்.

அடித்தட்டில் எழுத வேண்டியது

மாதிரிகளைச் சேர்ப்போர் ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் ஒரு சிறு குறிப்பை எழுதி ஒட்டுவர். பெயர், விகிதம், ஏவிய நாள் ஆகியவை அதில் இருக்கும். பெரும்பாலோர் வெற்றி பெற்ற நாளை மட்டுமே எழுதுவர். நாம் அவ்வாறு செய்யாமல், இரண்டு நாள்களையும் எழுதுவோமாக:

எஸ்.எல்.வி.-3. விகிதம் 50க்கு 1.
10-8-1979: கடலில் வீழ்ந்தது.
18-7-1980: விண்ணை அடைந்தது.

இவ்வாறு எழுதுவதால் இராக்கெட்டின் பெருமை குன்றுமா? குன்றாது. முதல் வரி இருப்பதனால்தான் இரண்டாம் வரியின் அருமை விளங்குகிறது. அளவில் நேர்மையாக இருந்த நாம், வரலாற்றிலும் நேர்மையாக இருக்க வேண்டும் அன்றோ!

ஆண்டு மலர்களில் தேர்வில் சிறந்தோர் படங்களை அச்சிடுகிறோம். போட்டியில் வென்றோர் பெயர்களைப் பொறிக்கிறோம். அது தகும். ஆனால் இம்மலரைப் புரட்டும் மாணவருள் தம் படத்தைக் காணாதவரே மிகுதி. அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் அடித்தட்டில் இன்னும் முதல் வரி மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. வீழ்ந்த இராக்கெட்டுக்கும் வென்ற இராக்கெட்டுக்கும் உருவத்தில் வேற்றுமை இல்லை. எங்கோ ஒரு கடுகளவு வால்வு மூடவில்லை, அவ்வளவே. அதனைத் தேடிக் கண்டு திருத்துங்கள். தேடுவதற்குத் துணையாக ஆசிரியரும் பெற்றோரும் உங்கள் அருகே நிற்க வேண்டும், நிற்போம்.

இரண்டாம் வரியை எழுதுவதற்கு அந்தத் தட்டில் இடம் இருக்கிறது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. சொப்புச் சாமானுக்கும் அளவு மாதிரிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. 100க்கு 1 என்னும் விகிதத்தில் எஸ்.எல்.வி.-3இன் மாதிரி எத்தனை சென்டிமீட்டர் உயரம் இருக்கும்? அதே பொருள்களால் செய்தால் அதன் எடை எவ்வளவு?
3. பத்துமலை முருகன் சிலையை 50க்கு 1 என்னும் விகிதத்தில் செய்தால் அது உன் மேசையில் நிற்குமா? அளந்து பார்.
4. இராக்கெட்டுக்குப் பல அடுக்குகள் ஏன் தேவை?
5. நீ செய்த ஒரு முயற்சியில் முதலில் நேர்ந்த பிழையையும், அதனைத் திருத்திய விதத்தையும் ஐந்து வாக்கியங்களில் எழுது.